முதலாளி ஒத்துக்க மாட்டாரு

வாயில் நான்கு குண்டூசிகளைக் கடித்துக்கொண்டிருக்கும்போதுகூடச் சரியக்காவால் "சரிங்க" என்று சொல்லிவிட முடியும். பல்லைத் திறக்காமல், எதிரில் நிற்பவரின் பேண்ட் காலை மடித்துப் பிடித்தபடியே சொல்வாள். "முடியாது" என்று சொல்ல வேண்டுமானால் வாயைத் திறக்க வேண்டும். திறந்தால் ஊசி கீழே விழும், விழுந்த ஊசியைக் குனிந்து தேட வேண்டும், அதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிடுவார். ஆகவே தொழில்தான் அவளை இப்படி ஆக்கிவிட்டது என்று அவளுக்காக வேண்டுமானால் நாம் வாதாடிப் பார்க்கலாம். பஸ் ஓட்டும் அவள் புருஷன் ஒத்துக்கொள்ள மாட்டார். "ஊசி இல்லாதப்பவும் அதையேதான் சொல்றா" என்பார்.

கடை என்பது ஓர் அறை. அறை என்பதுகூட மரியாதைக்குச் சொல்வது. ஒரு பக்கம் ஜெராக்ஸ் கடை, மறுபக்கம் மருந்துக்கடை, நடுவில் இருவரும் போனால் போகட்டும் என்று விட்டுவைத்ததுபோல ஓர் இடம். கண்ணாடிக் கதவைத் தள்ளினால் அதன் விளிம்பு தையல் மெஷினில் போய் இடிக்கும். மெஷினுக்குப் பின்னால் முக்காலி, முக்காலியில் சரியக்கா. சுவரோரம் துணியின் ஓரம் பிரியாமல் அடிக்கும் ஓவர்லாக் மெஷின், அதன் முன் அவள் நாத்தனார். மூலையில் திரை போட்டு, ஆள் உயரக் கண்ணாடி வைத்தது துணி போட்டுப் பார்க்கும் இடம். இன்னொரு திரைக்குப் பின்னால் இஸ்திரி மேசையும் பழைய சுழல்நாற்காலி ஒன்றும். இங்கே புதுத்துணி தைப்பதில்லை. இடுப்பு பெருத்தவர்களுக்குப் பிரித்துவிடுவார்கள், இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தைப்பார்கள், ஜிப் மாற்றுவார்கள், கால் நீளம் குறைப்பார்கள். போர்டிலும் 'ஆல்ட்ரேஷன்' என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது.

ஆனால் யார் போர்டைப் படித்தார்கள்? குடையைக் கொண்டுவந்தார்கள். பள்ளிக்கூடப் பையின் வாரைக் கொண்டுவந்தார்கள். ஒரு வயிறு கிழிந்த பொம்மைக் கரடி வந்தது. ஒரு நாய் வந்தது, மழைக்கோட்டுக்கு அளவு கொடுக்க. "ஒரே ஒரு தையல்தான் அக்கா", "சும்மா இப்படி ஒரு ஓட்டு ஓட்டிக் குடுங்க போதும்", "நீங்க பார்த்தா ரெண்டு நிமிஷம்" என்று ஆரம்பிப்பார்கள். எல்லோருக்கும் ஒரே பதில்தான். "வெச்சிட்டுப் போங்க." அதனால்தான் தெரு அவளுக்குச் சரியக்கா என்று பேர் வைத்தது. அந்தப் பேரை அவள் மறுக்கவும் இல்லை. மறுக்கத் தெரிந்திருந்தால் பேரே வந்திருக்காது.

நாத்தனாருக்கும் தெரு ஒரு பேர் வைத்திருக்கிறது. கத்திரி. நூலையும் பேச்சையும் ஒரே வேகத்தில் நறுக்குவாள். மணவாழ்க்கை ஒத்துவராமல், ஒரு பெட்டியும் தன் பழைய கத்திரிக்கோலுமாக அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவள். "கடையில ஏதாவது வேலை இருக்குமா?" என்று அண்ணன் தயங்கித் தயங்கிக் கேட்டபோது சரியக்கா "சரிங்க" என்றாள். வாழ்நாளெல்லாம் அவள் சொன்ன சரிகளில் உருப்படியான சரி அது ஒன்றுதான் என்று கத்திரியே சொல்வாள். ஏனென்றால் அண்ணி வாங்கிப்போடும் வேலையை எல்லாம் முடித்துக் கொடுக்கிறவள் கத்திரி.

சரியக்கா மறுத்ததே இல்லை என்று சொல்ல முடியாது, ஒரு முறை மறுத்திருக்கிறாள். சாயங்காலத்துக்குள் கோட்டின் உள்துணியை மாற்றித் தரவேண்டும் என்று வந்த ஓர் ஆளிடம், காய்ச்சல் வேகத்தில், "இன்னைக்கு முடியாதுங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த ஆள் சரியென்று பையைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் கோபித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நடந்ததுதான் தாங்கவில்லை. செருப்புகூடப் போடாமல் ஓடினாள். பஸ் நிறுத்தத்தில் பின்னாலிருந்து அவர் பையைப் பிடித்து இழுத்தாள். அந்த ஆள் "திருடி! திருடி!" என்று கத்த, நாலு பேர் கூடிவிட்டார்கள். பையை வாங்கி வந்து தைத்துக் கொடுத்த பிறகுதான் அவளுக்குக் காய்ச்சலே விட்டது.

இத்தனை பேருக்குத் தைக்கிறவள் வீட்டில் யார் உடம்பிலும் ஒழுங்கான தையல் கிடையாது. மகளின் பள்ளிச் சீருடையின் கீழ்மடிப்பு ஊக்கில் நிற்கிறது. புருஷனின் காக்கிச் சட்டையில் இரண்டாவது பட்டன் இருந்த இடத்தில் ஓர் ஊக்கு. அவளுடைய தோள்பட்டையிலும் ஒன்று. "நம்ம வீட்டுல எல்லாரும் ஊக்கத்தோட இருக்கோம்" என்பார் புருஷன், பஸ்ஸில் பயணிகளிடம் காட்டாத நகைச்சுவையை வீட்டுக்கென்று சேர்த்து வைத்திருப்பவர். அவள் சிரித்துக்கொண்டே, "இந்த வாரம் தைச்சிடறேன்" என்பாள். எந்த வாரம் என்று அவரும் கேட்டதில்லை.

பிறகு ஒருநாள் தார்ப்பாய் வந்தது.

லாரிக்காரர் ஒருவர் கதவைத் தள்ளி, "அக்கா, ஓரத்துல லேசா ஒரு கிழிசல்" என்றார். சரியக்கா நிமிர்ந்து பார்க்காமல், "வெச்சிட்டுப் போங்க" என்றாள். கைக்குட்டையோ கால்சட்டையோ என்று நினைத்திருப்பாள். இரண்டு பேர் தோளில் சுமந்துகொண்டு வந்து இறக்கினார்கள். லாரியின் முழுத் தார்ப்பாய். துணி போட்டுப் பார்க்கும் இடம் மூடிப்போனது. கண்ணாடிக் கதவு திறக்கவில்லை. ஓவர்லாக் மெஷின் எங்கே என்று தெரியவில்லை. அதன் முன்னால் உட்கார்ந்திருந்த கத்திரியையும் காணவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தார்ப்பாயின் ஓர் ஓரம் அசைந்து, தலைமுடியெல்லாம் மண்ணும் கிரீஸுமாகக் கத்திரி வெளியே வந்தாள். அவள் கத்துவாள் என்று சரியக்கா எதிர்பார்த்தாள். அவள் மெதுவாகப் பேசினாள்.

"அண்ணி, நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. இன்னொரு தடவை நீங்க 'வெச்சிட்டுப் போங்க'ன்னு சொன்னீங்கன்னா, நான் எழுந்து போயிடுவேன். எங்கண்ணன் வந்து கூப்பிட்டாலும் வர மாட்டேன்."

"எங்கம்மா போவே?"

"அது என் பாடு."

எங்கும் போக இடமில்லாதவள் இப்படிச் சொல்கிறாள் என்றால் எந்த அளவுக்கு நொந்திருப்பாள் என்பது சரியக்காவுக்குப் புரிந்தது. அவள் போய்விட்டால் கடை என்ன ஆகும் என்பது அதற்கு அப்புறம்தான் தோன்றியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தார்ப்பாயைத் தைத்து முடிப்பதற்குள் ஒரு டப்பா ஊசி உடைந்தது.

அடுத்த நாள் காலை, ஓய்வுபெற்ற வாத்தியார் வந்தார். இவர் ஒரு மாதம் பேண்ட் இடுப்பைப் பெரிதாக்குவார், மறுமாதம் நடைப்பயிற்சி ஆரம்பித்திருப்பதாகச் சொல்லிச் சின்னதாக்குவார். "பெருசா ஒண்ணுமில்லம்மா, மதியத்துக்குள்ள குடுத்தா போதும்." சரியக்காவின் வாய் பழக்கதோஷத்தில் 'வெ' என்று குவிந்தது. ஓவர்லாக்கின் சத்தம் நின்றது. கத்திரி திரும்பிப் பார்த்தாள்.

"முதலாளி ஒத்துக்க மாட்டாருங்க" என்றாள் சரியக்கா.

எங்கிருந்து வந்தது அந்த வாசகம்? அவள் சின்ன வயதில் ஒரு பெரிய தையல் கம்பெனியில் வேலை பார்த்தவள். அங்கே யார் எதைக் கேட்டாலும் இதுதான் பதில். லீவு கேட்டாலும் சரி, நூல் கேட்டாலும் சரி. சொல்கிறவர்கள் எல்லோரும் நல்லவர்களாகவே இருந்தார்கள். கெட்டவர் ஒரே ஒருவர்தான், அவரை யாரும் பார்த்ததில்லை. அந்தச் சௌகரியம் மனசின் ஏதோ ஒரு மூலையில் இத்தனை காலம் மடித்துக் கிடந்திருக்க வேண்டும்.

"முதலாளியா? கடை உன்னோடதில்லையா?"

"கை மாறிடுச்சுங்க."

வாத்தியார் அதைச் சட்டென்று நம்பினார் என்பதைக் கவனிக்க வேண்டும். முக்காலியில் கூன் போட்டு உட்கார்ந்து, தோளில் ஊக்கு குத்திக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் தலையாட்டும் ஒரு பெண்ணைப் பார்த்து முதலாளி என்று யாருக்குத் தோன்றும்? "அதானே பார்த்தேன்" என்று சொல்லிவிட்டு, "ரொம்ப கறாரான ஆளோ?" என்றார் அனுதாபமாக. வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லி, பேண்டை வைத்துவிட்டுப் போனார்.

சரியக்காவுக்கு உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. மறுத்தாயிற்று. மனசு உறுத்தவில்லை. உறுத்தவேண்டியது முதலாளிக்கல்லவா?

அன்றிலிருந்து முதலாளி வளர்ந்தார். முதலில் அவருக்குக் குடை பிடிக்காது. பிறகு தார்ப்பாய், பொம்மை, பை எதுவுமே பிடிக்காமல் போனது. ஞாயிற்றுக்கிழமை கடை திறந்தால் சத்தம் போடுவார். இருட்டிய பிறகு வேலை செய்தால் மெஷின் கெட்டுப்போகும் என்பார். "நான் என்ன பண்றதுங்க, மனசுல ஈரமே கிடையாது அவருக்கு" என்று சொல்லும்போது சரியக்காவின் குரல் உண்மையாகவே தழுதழுக்கும். "ஆளு எப்படி இருப்பாரு?" என்று ஒருத்தி கேட்கப்போக, உயரமாக இருப்பார், நெற்றியைச் சுருக்குவார், பின்பக்கமாக வந்து பின்பக்கமாகப் போவார் என்று அவருக்கு உருவமும் கிடைத்தது. உருவம் இருந்தால் உடுப்பு வேண்டாமா? அதற்கு ஒரு கறுப்புக் கோட்டு இருந்தது.

அந்தக் கோட்டு, பட்டன் ஒன்று தைக்க வந்து, பல வருஷமாக யாரும் திரும்ப வாங்காமல் கிடப்பது. தூக்கிப் போடலாம் என்று கத்திரி எத்தனையோ முறை சொல்லிவிட்டாள். "நாளைக்கே வந்து கேட்டா?" என்பாள் சரியக்கா. கண்முன் இல்லாத ஆளுக்குக்கூட அவளால் மறுப்புச் சொல்ல முடியாது. இப்போது அதை எடுத்து உதறி, சுழல்நாற்காலியின் முதுகில் மாட்டி, நாற்காலியைச் சுவர் பக்கம் திருப்பிவைத்தாள். திரை கொஞ்சம் விலகியிருந்தால் யாரோ முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதுபோலவே இருக்கும். யாராவது நச்சரித்தால், "இருங்க, கேட்டுட்டு வர்றேன்" என்று திரைக்குப் பின்னால் போவாள். இஸ்திரிப் பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நிற்பாள். வெளியே வந்து உதட்டைப் பிதுக்குவாள்.

ஒருநாள் சாயங்காலம் கத்திரி டீ போடலாமா என்று கேட்டபோது, "சீக்கிரம் போடு, முதலாளி பார்த்தா திட்டுவாரு" என்றாள் சரியக்கா.

"யாரு அண்ணி திட்டுவாரு?"

சரியக்கா ஒரு நொடி முழித்தாள். இருவரும் சிரித்த சிரிப்பில் ஜெராக்ஸ் கடைக்காரர் எட்டிப்பார்த்தார். அவருக்கு விஷயம் தெரியும். தெரிந்ததோடு நிற்காமல், தன் கடையில் போனை சார்ஜ் போட வருகிறவர்களிடம் அவரும், "எங்க முதலாளி விட மாட்டாருப்பா" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார். ஒரே முதலாளி இரண்டு கடைக்கு உழைத்தார்.

கடையும் கடையாக ஆனது. சொன்ன நாளில் துணி தயாரானது. கத்திரியின் முகத்தில் வெளிச்சம் வந்தது. மகளின் சீருடையில் ஊக்குப் போய்த் தையல் வந்தது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஊர்க்காரர்களுக்கு இரக்கம் என்ற ஒன்று மட்டும் இல்லாதிருந்தால்.

முதலாளி எவ்வளவுக்கு எவ்வளவு கெட்டவரானாரோ, அவ்வளவுக்கு அவ்வளவு சரியக்கா பாவப்பட்டவளானாள். மருந்துக்கடைக்காரர் மனைவி ஃபிளாஸ்கில் பால் கொண்டுவந்து கொடுத்தாள். வாத்தியார், தொழிலாளர் உரிமைகளைப் பற்றிப் பேண்ட் மாற்றும் திரைக்குள்ளிருந்தே பேசினார். இவற்றையெல்லாம் சமாளித்துவிடலாம். ஹோட்டல் மேடத்தை எப்படிச் சமாளிப்பது?

ஹோட்டல் மேடம் என்பது பெரிய ஹோட்டல் ஒன்றில் சீருடைப் பகுதிக்குப் பொறுப்பான அம்மாள். நேராக நடப்பார், நேராகப் பேசுவார். "வேண்டாம்" என்ற சொல்லைத் தண்ணீர் குடிப்பதுபோலச் சொல்வார். சரியக்கா அவரை வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பாள். பணியாளர்களின் கோட்டுகளைத் திருத்துவதற்காக வந்து வந்து, வரும்போதெல்லாம் முதலாளியின் கொடுமைகளைக் கேட்டுக் கேட்டு, ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இங்க எதுக்கு இப்படிக் கஷ்டப்படறீங்க? நம்ம ஹோட்டல்லயே தையல் ரூம் இருக்கு, தைக்கத்தான் ஆள் இல்ல. ஏசி இருக்கு. மதியம் சாப்பாடு. வாராவாரம் லீவு. முதுகு சாய்ச்சு உக்கார நல்ல நாற்காலி. திங்கக்கிழமை வந்து சேர்ந்துடுங்க."

சரியக்கா திணறினாள். "முதலாளி…"

"அவர் ஒத்துக்க மாட்டாருன்னுதான் தெரியுமே. அதுக்குத்தானே வேலையை விடச் சொல்றேன்! வர்றீங்க, சரியா?"

வாயில் குண்டூசி இருந்தது. எதிரில் நல்லது செய்யத் துடிக்கும் ஒரு முகம் இருந்தது. காப்பாற்றுவதற்கு முதலாளிகூட இல்லை, ஏனென்றால் இப்போது அவரிடமிருந்துதான் அவளைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள்.

"சரிங்க" என்றாள்.

மேடம் அவள் தோளைத் தட்டிவிட்டுப் போனார். ஓவர்லாக் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"இப்ப என்ன சொன்னீங்க அண்ணி?"

"சரின்னு சொல்லிட்டேன்."

"எதுக்கு?"

"வேலைக்கு."

"அப்போ கடை?"

"அதான் தெரியல."

கத்திரி எதையும் நறுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மெஷினை ஓட்ட ஆரம்பித்தாள்.

வீட்டில் சொன்னபோது புருஷன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அப்போ உன் கடையில இருந்து நீ ராஜினாமா பண்ணணும். முதலாளிகிட்ட சொல்லிட்டியா?" என்றார். தங்கையின் முகத்தைப் பார்த்த பிறகு அவருக்கும் சோறு இறங்கவில்லை.

சரியக்கா தனக்குத் தெரிந்த ஒரே வழியைக் கையாண்டாள். மேடத்துக்குப் போன் செய்து, "முதலாளி விட மாட்டேங்கறாருங்க" என்றாள். இதுவரை ஒருவரும் எதிர்த்து நில்லாத ஆயுதம். "அப்படியா? அடிமைன்னு நினைச்சிட்டாரா? திங்கக்கிழமை காலையில நானே வர்றேன். நான் பேசிக்கறேன் அவர்கிட்ட" என்று போனை வைத்துவிட்டார் மேடம்.

அந்த வாரம் முழுக்க அவள் யோசித்தாள். ஏசி அறையும் சாய்ந்து உட்கார நாற்காலியும் அவளுக்கு ஆசை காட்டாமல் இல்லை. யாராவது உண்மையிலேயே ஒரு முதலாளி இருந்து எல்லாவற்றையும் மறுத்துக்கொண்டிருந்தால் நிம்மதிதானே என்றுகூட ஒரு சமயம் நினைத்தாள். சனிக்கிழமை கடை மூடும்போது, கத்திரி தன் மெஷின் டிராயரைத் திறந்து, விரல்கவசம், நூல் பிரிக்கும் ஊசி, வரும்போது கொண்டுவந்த பழைய கத்திரிக்கோல் மூன்றையும் ஒரு துணியில் வைத்துச் சுற்றுவதைப் பார்த்தாள். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அந்தச் சின்ன மூட்டை கத்திரியின் கையிலேயே இருந்தது. எவரெவர் முகமோ வாடக்கூடாது என்று எத்தனை ஓட்டம் ஓடியிருக்கிறாள். தன் பக்கத்தில் நடந்துவருகிற முகம் வாடிக் கிடக்கிறதே என்று தன்மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது.

திங்கட்கிழமை காலை ஹோட்டல் வேன் தெருவில் வந்து நின்றது. மேடம் கையில் பெரிய பையோடு உள்ளே நுழைந்தார். சரியக்கா யாருடையதோ ஒரு பாவாடையின் விளிம்பில் ஊசி குத்திக்கொண்டிருந்தாள்.

"எங்க உங்க முதலாளி?"

பதிலுக்குக் காத்திராமல் திரையின் பக்கம் போனார். இடுக்கு வழியே கறுப்பு முதுகு தெரிந்தது. மேடம் நாகரிகம் தெரிந்தவர். திரையை விலக்காமல், வெளியே நின்றபடியே பேசினார்.

"சார், நான் சொல்றதைக் கொஞ்சம் கேளுங்க. இந்த அம்மா உங்களுக்காக முதுகு ஒடிய உழைக்கறாங்க. முகத்துல ஒரு சிரிப்பு உண்டா? ஒரு லீவு நாள்லயாவது நிம்மதி உண்டா? இவங்களுக்கும் குடும்பம் குழந்தைன்னு இருக்கு சார். உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

கோட்டு பேசவில்லை.

"திரும்பிப் பார்க்கக்கூட மாட்டீங்களா? நான் இவங்களைக் கூட்டிட்டுப் போறேன். உங்களால ஆனதைப் பாருங்க!"

சரியக்கா முக்காலியில் உட்கார்ந்தபடி அத்தனையையும் கேட்டாள். கேட்கக் கேட்க, ஒவ்வொரு வார்த்தையும் சரியான விலாசத்துக்குத்தான் வந்து சேர்கிறது என்று தோன்றியது. முதுகு ஒடிய உழைக்கவைத்தது யார்? லீவு நாள் என்று ஒன்று இல்லாமல் செய்தது யார்? சொல்லப்போனால், இந்த முதலாளி வந்த பிறகுதான் அந்தக் கொடுமையெல்லாம் கொஞ்சம் அடங்கியிருந்தது.

வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஊசிமெத்தையில் ஒவ்வொன்றாகக் குத்தினாள். கத்திரி அதைப் பார்த்து மெஷினிலிருந்து காலை எடுத்தாள்.

"மேடம், அங்க யாரும் இல்லைங்க. நான்தான் முதலாளி."

மேடம் திரும்பினார். அவர் கண்கள் கலங்கிவிட்டன. "பயப்படாதீங்கம்மா. இப்படியெல்லாம் சொல்லச் சொல்லியிருக்காரா?"

சரியக்கா எழுந்து போய்த் திரையை விலக்கினாள். நாற்காலியைச் சுழற்றிவிட்டாள். கோட்டு ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு காலிக் கைகளையும் ஆட்டிக்கொண்டு நின்றது.

மேடம் கோட்டைப் பார்த்தார். இஸ்திரி மேசைக்குக் கீழேகூடக் குனிந்து பார்த்தார். "அப்போ ஒத்துக்க மாட்டாரு ஒத்துக்க மாட்டாருன்னு இவ்வளவு நாளா சொன்னது?"

"நான்தாங்க."

"கடை?"

"என்னோடதுதாங்க."

"அப்போ வேலைக்கு?"

சரியக்கா மேடத்தின் பக்கம் திரும்பினாள். "வர முடியாதுங்க."

வானம் இடிந்து விழவில்லை. மேடத்தின் முகம் வாடக்கூட இல்லை. "இதை அன்னைக்கே சொல்லியிருக்கலாமே! நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்? வேற ஒருத்தர் வேலைக்குன்னு கேட்டுட்டு இருக்காங்க, அவங்களைச் சேர்த்திருப்பேன்" என்றார். அவ்வளவுதான் அவருக்கு. பிறகு என்னவோ நினைவு வந்தவராக, கையிலிருந்த பெரிய பையைத் தூக்கி மெஷின் மேல் வைத்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லதாப் போச்சு. தடுக்கறதுக்குத்தான் யாரும் இல்லையே இப்போ. எல்லாம் கோட்டுதான், கை மட்டும் குறைக்கணும். நாளைக்குக் காலையில குடுத்துடுங்க."

ஜெராக்ஸ் மெஷின் ஓடுவது சுவர் வழியே கேட்டது. சரியக்காவின் உதடுகள் பழகிய வழியில் விரிந்தன. பல்லுக்குப் பின்னால் அந்தச் சொல் வந்து நிற்பதைக் கத்திரியால் பார்க்க முடிந்தது.

"நாளைக்கு ஆகாதுங்க" என்றாள் சரியக்கா. "வியாழக்கிழமை."

"அதான் முதலாளி இல்லையே!"

"இருக்கேங்க."

சொல்லிவிட்டுப் பையை ஒரு விரலால் தள்ளினாள். கனமான பை அது. ஒரு விரலுக்கு நகரவில்லை. இரண்டு கையாலும் தள்ளினாள்.

மேடம் ஒரு நிமிஷம் அவளை மேலும் கீழும் பார்த்தார். "வியாழக்கிழமை எனக்கு லேட்" என்று பையைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார். கதவு வழக்கம்போல மெஷினில் இடித்து மூடியது.

வேன் சற்றுத் தள்ளி நின்றது. மேடம் பையின் கனத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தார். கண்ணாடி வழியே அதைப் பார்த்துக்கொண்டிருந்த சரியக்கா கதவு வரைக்கும் போனாள். திறந்தாள். ஒரு காலை வெளியே வைத்தாள். காலில் செருப்பில்லை. அந்தப் பஸ் நிறுத்தத்து ஓட்டம் கத்திரிக்கு நினைவு வந்தது. எழுந்து பிடித்து நிறுத்தலாமா என்று நினைத்தாள், ஆனால் எழவில்லை.

வேனின் கதவு சாத்திக்கொண்டது. சரியக்கா காலை உள்ளே எடுத்துக்கொண்டாள்.

"பாவமா இருக்கும்மா" என்றாள்.

"இருக்கட்டும் அண்ணி."

"இருக்கத்தான் இருக்கு" என்று சொல்லிக்கொண்டே திரைக்குப் பின்னால் போனாள். திரும்பி வந்தபோது கோட்டை அவளே போட்டிருந்தாள். தோள் சரியாகத்தான் இருந்தது. கைகள் மட்டும் விரல் நுனியைத் தாண்டித் தொங்கின. ஆள் உயரக் கண்ணாடி முன் நின்று, இப்படியும் அப்படியும் திரும்பிப் பார்த்தாள். எத்தனையோ பேரை நிறுத்திப் பார்த்த கண்ணாடியில் அவள் தன்னைப் பார்க்க நின்றதே இல்லை.

"அந்த ஆளு வந்து கேட்டா?" என்றாள் கத்திரி.

"முடியாதுன்னு சொல்லிடலாம்."

சாக்கட்டியை எடுத்து, இடதுகை மணிக்கட்டின் மேல், கறுப்புத் துணியில் ஒரு வெள்ளைக் கோடு போட்டாள். பிறகு வலதுகையை நாத்தனாரிடம் நீட்டினாள். கத்திரி காலையில் கையோடு கொண்டுவந்திருந்த துணி மூட்டையைப் பிரித்துக் கத்திரிக்கோலை வெளியே எடுத்து வைத்துவிட்டு, இரண்டு குண்டூசிகளை வாயில் கடித்துக்கொண்டு வந்தாள். கையை மடித்து, பிடித்து, அளவு பார்த்தாள்.

"எப்போ வேணும்?" என்றாள் பல்லைத் திறக்காமல்.

"இன்னைக்கே."

கத்திரி வாயிலிருந்த குண்டூசிகளை எடுத்தாள். "முடியாது."

சரியக்கா கண்ணாடியைப் பார்த்தபடியே இடதுகையையும் நீட்டினாள்.